தூய இலக்கியமாம்!

விக்டோரியா மகாராணியாரின் காலத்தில், அதாவது 1837 முதல் 1901 வரை, எழுந்த ஆங்கில நாவல்கள் தூயவை என்றும், கன்னிப்பெண்களும் கூசாமல் வாசிக்கத்தக்கவை என்றும் புகழ்வோர் பலர். பின்னே வந்த டார்வினுடைய விஞ்ஞானமே எழுத்தாளரின் ஒழுக்கத்தைக் கெடுத்ததென்று இவர்கள் பழியும் சுமத்துவர். அத்தூய்மை எந்தக் கடையில் விற்கப்பட்டது என்பதை இவர்கள் ஆராய்ந்தார்களா?

சார்லஸ் எட்வர்டு மூடி என்பவர் 1842-இல் லண்டனில் இரவல் நூல்நிலையம் ஒன்றைத் தொடங்கினார். (தமிழில் எழுதும்போது பெயர் எவ்வளவு பொருத்தமாக அமைகிறது!) அந்நாளில் நாவலென்றால் மூன்று பாகம்; விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். தொழிலாளி கிடக்கட்டும், நடுத்தரக் குடும்பத்தாரும் அவ்விலை கொடுத்து வாங்க இயலாது. ஆண்டுக்கு 21 ஷில்லிங் சந்தா செலுத்தி மூடியிடம் இரவல் பெற்றனர். ஆகவே மூடி ஏற்காத நாவல் பிறந்தும் பிறவாததற்கே ஒப்பாகும். அவர் கணக்குப் புத்தகமே ஆங்கில நாட்டின் ஒழுக்க நூலாயிற்று.

ஆறு நாளில் உலகம் படைக்கப்பட்டதென்ற நம்பிக்கையின் அடித்தளத்தை அசைத்த டார்வினுடைய 'உயிரினங்களின் தோற்றம்' 1859-இல் வெளிவந்தது. முதற் பதிப்பு 1250 பிரதிகள். அவற்றில் 500 பிரதிகளை வாங்கியவர் யார்? இதே மூடிதான்! 1883-இல் ஜார்ஜ் மூர் ஒரு நாவல் எழுதினார். அதில் ஒரு பெண், ஓவியன் ஒருவன் வீனஸ் தேவியின் உருவத்தைத் தீட்டுவதற்காக அவன் முன் அமர்கிறாள். நாட்டுப்புறத்து மாதர் இருவர் இதைக் கண்டித்துக் கடிதம் எழுதினராம். உடனே அந்நூல், வற்புறுத்திக் கேட்போருக்கன்றிக் கொடுக்கப்படாதென்று முடக்கப்பட்டது. மூரே இதைத் தமது 1885-ஆம் ஆண்டுத் துண்டுப் பிரசுரத்தில் வெளியிட்டு மூடியைச் சாடினார். ஆதாமையும் ஏவாளையும் அசைக்கலாம். ஒரு பெண் ஓவியன் முன் அமரலாகாது! விஞ்ஞானத்துக்கா இவர்கள் அஞ்சினர்?

ஜார்ஜ் எலியட் என்ற பெண்மணியின் கதையும் இதுவே. உடலின் மூலத் திசுவைத் தேடும் மருத்துவனைத் தம் 'மிடில்மார்ச்' நாவலில் (1871–72) அவர் படைத்தார், உலகம் மெச்சியது. ஆனால் விவாகரத்துப் பெற வழியில்லாத லூயிஸ் என்பாருடன் மணமின்றி வாழ்ந்ததற்காகக் கௌரவமான மாதர் நெடுங்காலம் அவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

தாமஸ் ஹார்டி பட்ட பாடு நகைப்புக்கிடமானது. அவருடைய 'டெஸ்' 1891-இல் 'கிராபிக்' பத்திரிகையில் தொடர்கதையாக வந்தபோது, கதாநாயகி கெடுக்கப்பட்ட நிகழ்ச்சி நீக்கப்பட்டது. பொய்க் கல்யாணம் ஒன்று புகுத்தப்பட்டது. அவள் பெற்ற பிள்ளையும் மறைந்தது. வெள்ளம் தேங்கிய பாதையில் பால் கறக்கும் பெண்களை ஓர் இளைஞன் கைகளில் தூக்கிக் கடத்துகிறான். அதுவும் ஆகாதாம்! தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளும்படி மாற்றச் செய்தனர். வஞ்சகக் கல்யாணம் தூய்மை, கை கொடுத்துத் தூக்குவது ஆபாசம் என்னும் இந்நீதியை எந்தச் சாஸ்திரத்தில் கண்டனரோ?

கதையில் இவ்வளவு நாணம் காட்டிய அந்நாடு சட்டத்தில் காட்டியதென்ன? 1864 முதல், படைவீடுகளும் துறைமுகங்களும் உள்ள சில ஊர்களில், விலைமாதரெனப் போலீசார் சந்தேகித்த பெண்களை மருத்துவர் உடற்சோதனை செய்யச் சட்டமிருந்தது. மறுத்தவளுக்குச் சிறை. அவளை நாடிச் சென்ற சிப்பாய்க்கு அச்சட்டத்தில் சோதனை கிடையாது. 1886-இல்தான் அது ஒழிந்தது. பெண்ணின் உடலைப் போலீசார் பேசலாம், பார்லிமெண்டு பேசலாம்; அவள் துயரை எழுத்தாளன் மட்டும் பேசலாகாது.

மூன்று பாக நாவல் இலாபந்தரவில்லையென்று 1894-இல் நூல்நிலையத்தாரே அதைக் கைவிட்டனர். சில ஆண்டுகளில் அவ்வழக்கமே மறைந்தது. எந்த அறநூலும் அதற்குக் குறுக்கே நிற்கவில்லை!

ஆயினும் பாதிரிமார் ஓயவில்லை. மணவாழ்வின் விலங்குகளைப் பேசிய ஹார்டியின் 'ஜூட்' நாவலைத் தாம் நெருப்பிலிட்டதாக வேக்பீல்டு பிஷப் 1896-இல் பத்திரிகைக்கு எழுதினார். ஸ்மித் நூல்நிலையத்திலிருந்தும் அதை விலக்கச் செய்தார். ஹார்டி 1928 வரை உயிரோடிருந்தார். கவிதைகள் பல எழுதினார். புதிய நாவல் ஒன்றுகூட எழுதவில்லை.