கண்ணுக்கு எது பொருத்தம்?

லூமுட் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் பங்கோர் தீவுக்குப் போகும் படகுத்துறைதான் நினைவுக்கு வரும். இங்கே வளரும் இளைஞர்களுக்கோ கடற்படைத் தளம்தான் கண்முன் நிற்கும். என் சித்தி மகனுக்கும் அந்த வெள்ளைச் சீருடை மீது ஆசை. ஆனால், அவன் மூக்கில் கண்ணாடி. "லேசர் பண்ணிட்டா சரியாயிடும்லக்கா? புதுசா வந்ததையே பண்ணிக்கிறேன்," என்கிறான். புதியது என்றால் உசத்தி, பழையது என்றால் மட்டம் என்னும் இந்த எண்ணம் நம்மில் பலருக்கும் உண்டு. இது தவறு என்பதே என் கருத்து.

லேசர் சிகிச்சை என்பது ஒன்றல்ல, பல. கண்ணின் முன்புறம் உள்ள கருவிழிப் படலம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிப்பே உடையது. அதன் வளைவை மாற்றினால் பார்வை தெளிவாகும். அந்தப் படலத்தை எப்படி அணுகுவது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

மூத்தது பி.ஆர்.கே. மேல்தோலை நீக்கிவிட்டு லேசரைப் பாய்ச்சுவார்கள். தோல் சில நாள்களில் மீண்டும் வளரும். அதுவரை வலி இருக்கும். பார்வை சீராக வாரக்கணக்கில் ஆகலாம். மேல்தோலைச் சாராயக் கரைசலால் தளர்த்தி ஒதுக்கி, பிறகு மீண்டும் மூடுவது லேசெக். லேசிக் முறையில் படலத்தில் மெல்லிய மூடி ஒன்றை வெட்டித் திறந்து, உள்ளே லேசர் செலுத்தி மூடுவார்கள். மறுநாளே பலருக்குப் பார்வை தெளிந்துவிடும். அதனால்தான் அதற்கு இத்தனை மவுசு. ஸ்மைல் முறையில் மூடியே இல்லை. சிறு துளை வழியாக உள்ளிருந்து மெல்லிய திசுவை எடுத்துவிடுகிறார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் பி.ஆர்.கே.யை 1995-இலும் ஸ்மைலை 2016-இலும் அங்கீகரித்தது.

அப்படியானால் பி.ஆர்.கே. காலாவதியாகிவிட்டதா? இல்லவே இல்லை. லேசிக் மூடி, கண்ணில் பலத்த அடிபட்டால் ஆண்டுகள் கழித்தும் விலகக்கூடும். இது அரிதுதான், ஆனாலும், அடிபட வாய்ப்புள்ள வேலைக்குப் போகிறவர் இதை எண்ணிப் பார்க்க வேண்டாமா? அமெரிக்கக் கடற்படை 1990-களில் தன் வீரர்களிடம் ஆராய்ந்து பார்த்தது இந்தப் பி.ஆர்.கே.யைத்தான். கருவிழி சற்று மெல்லியதாக உள்ளவர்களுக்கும் மருத்துவர்கள் இதனைப் பரிந்துரைப்பதுண்டு. கருவிழி கூம்பாகும் நோய் உள்ளவர்களுக்கோ பொதுவாக இந்தச் சிகிச்சைகள் எதுவுமே ஆகாது.

இந்த அறிவியலில் நமக்கும் ஒரு பெருமை உண்டு. 1981-இல் எக்சைமர் லேசர் திசுவைச் சுடாமல் துல்லியமாகச் செதுக்கும் என்று ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் சக ஆய்வாளர் இருவரோடு கண்டறிந்த ரங்கசாமி சீனிவாசன், சென்னையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். விருந்தில் மிஞ்சிய வான்கோழி இறைச்சியில்தான் அந்தச் சோதனை நடந்தது!

நண்பர்களே, பல ஆயிரம் ரிங்கிட் கட்டுமுன் கேட்க வேண்டியவற்றைக் கேளுங்கள். என் கருவிழியின் தடிப்பு எவ்வளவு? ஓராண்டாவது என் பவர் மாறாமல் இருக்கிறதா? கண் வறட்சி உண்டா? காண்டாக்ட் லென்ஸ் அணிபவர், அளவெடுக்குமுன் எத்தனை நாள் அதைக் கழற்றி வைக்க வேண்டும்? சீருடைப் பணிக்குப் போகிறவர், எந்த முறையை ஏற்பார்கள் என்று ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் முதலில் கேட்க வேண்டும். சிகிச்சை செய்துகொண்ட பின் கேட்டுப் பயனில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "பெண் பார்க்க வர்றாங்க, கண்ணாடியக் கழற்றி வை," என்று சொல்லும் வீடுகள் நம்மிடையே இன்னும் உள்ளன. அந்தச் சொல்லுக்குப் பயந்து யாரும் அறுவைச் சிகிச்சைக்குப் போக வேண்டாம். லேசர் செய்துகொண்டவருக்கும் நாற்பதைத் தாண்டினால் படிக்கக் கண்ணாடி தேவைப்படலாம். கண்ணாடி குறையன்று, கருவி. சிகிச்சை தேவையா என்பதை உங்கள் வேலையும் விருப்பமும் முடிவு செய்யட்டும். எந்த முறை என்பதை உங்கள் கண்ணின் அளவு முடிவு செய்யட்டும். விளம்பரப் பலகைக்கு அந்த உரிமையைக் கொடுக்காதீர்கள்.