தோலை மாற்றலாம்; மின்கலத்தை மாற்றலாகாதோ?

நீடாமங்கலத்தின் பெயரை இசையுலகிற் பரப்பியவர் தவில் வித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள். அவ்வூரினராகிய எமக்குத் தவிலைப்பற்றி ஓர் உண்மை இளமைமுதலே தெரியும். பலாமரத்தைக் குடைந்து செய்த அதன் உடல் நெடுங்காலம் நிலைக்கும்; இருபுறத்துத் தோல்களோ நாளடைவில் தேய்ந்து கிழியும். தோல் கிழிந்ததென்று தவிலை வெண்ணாற்றில் எறிவார் எவருமிலர். புதுத்தோல் கட்டி மீண்டும் வாசிக்கின்றனர். இவ்வெளிய அறிவு இக்காலத்து இசைப்பெட்டிகளின்பால் மறக்கப்பட்டது ஏன் என்பதே எமது வினா.

எம் பாட்டனார் கண்ணொளி மங்கியவர். நாகசுர இசை நிறைந்த சட்டைப்பை இசைப்பெட்டி ஒன்றே அவருக்குப் பகற்றுணை. சென்ற மார்கழியில் அது கால்மணி நேரமும் பாடாது ஓய்ந்தது. பழுதுபார்க்கும் கடையிலோ, "புதிது வாங்கிக்கொள்ளுங்கள்" என்றனர். மற்ற உறுப்புக்களெல்லாம் நன்றாயிருக்க, தேய்ந்தது மின்கலம் ஒன்றே. அதே அளவும் அதே 3.7 வோல்ட்டும் உடைய கலத்தை வாங்கி, பிளாஸ்டிக் தகட்டால் மூடியை மெல்ல நெம்பி, நேர்முனை எதிர்முனை பிறழாது யாமே பொருத்தினோம். அன்று மாலை பாட்டனார் கேட்டது தோடி.

1979ஆம் ஆண்டில் வெளிவந்த வாக்மேன் கருவியின் கலங்களைச் சிறுவரும் மாற்றினர். 2001இல் தோன்றி 2022இல் நிறுத்தப்பட்ட ஐபாடிலோ கலம் உள்ளே வைத்து மூடப்பட்டது. இத்தகைய கருவிகளிலுள்ள லித்தியம் அயனிக் கலம் 1991இல் விற்பனைக்கு வந்தது. அதனை ஆக்கிய மூவர் 2019இல் நோபெல் பரிசு பெற்றனர். மின்னேற்றுந்தோறும் அதன் கொள்ளளவு சிறிது சிறிதாகக் குறையும். அஃது அதன் இயற்கை, குற்றமன்று. தேயும் உறுப்பென்றறிந்தும் அதனைக் கழற்ற வழியின்றி மூடுவதே குற்றம்.

"இஃது அபாயமன்றோ?" என்பர் சிலர். ஆம், துளைபட்ட கலம் தீப்பற்றும். உப்பிய கலத்தைத் தாமே கழற்ற முயலாது வல்லாரிடம் ஒப்படைத்தலே தக்கது. ஆயினும், பசையிட்டு ஒட்டிய கலத்தை நெம்பும்பொழுதன்றோ அது துளைபடுகின்றது? எளிதிற் கழலுமாறு அமைத்தால் அவ்வபாயமும் பெரும்பாலும் ஒழியும். மூடி வைத்தவரே அபாயத்தைக் காட்டி அச்சுறுத்துதல் முறையன்று. கழற்றிய பழங்கலத்தையும் குப்பையில் இடலாகாது, மறுசுழற்சிக்குச் சேர்ப்பிக்கவேண்டும்.

கையடக்கக் கருவிகளின் கலத்தைப் பயன்படுத்துவோரே எளிதிற் கழற்றி மாற்றுமாறு, சில விலக்குகள் நீங்கலாக, 2027 பிப்ரவரி 18 முதல் அமைக்கவேண்டுமென ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் விதித்தது. நம் நாட்டிலும் 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென அரசினர் இணையதளம் ஒன்று திறந்தனர். நற்றொடக்கமே, ஆயினும் தகவல் தருதல் மட்டும் போதாது. கழற்ற வழி வைத்தே செய்க என்னும் கட்டளையும் வேண்டும்.

மாணவ நண்பர்களே! கலப்பையின் கொழு தேய்ந்தால் கொழுவை மட்டும் மாற்றிய உழவரின் மக்கள் நாம். அடுத்த முறை கருவி வாங்கச் செல்லுங்கால், விலையைக் கேட்குமுன், "இதன் மின்கலத்தை மாற்றலாமா?" என்று கேளுங்கள். பலர் கேட்பின், விற்பவர் விடை தேடியே தீரவேண்டும்.