குழந்தைகளின் நித்திரை

ஒரு தேசத்தின் க்ஷேமத்தை அளக்க விரும்புவோர் அதன் விளைச்சலையும் வர்த்தகத்தையும் கணக்கெடுக்கிறார்கள், பள்ளிக்கூடங்களை எண்ணுகிறார்கள், சட்டசபை வாதங்களைப் படிக்கிறார்கள். அத்தேசத்துக் குழந்தைகள் இரவில் எத்தனை மணிக்குப் படுத்துக் காலையில் எத்தனை மணிக்கு எழுகிறார்கள் என்று விசாரிப்பவர் அரியர். அது தாய்மார் பார்த்துக்கொள்ள வேண்டிய வீட்டு விஷயம், ராஜீய விவகாரங்களில் ஈடுபட்டவர்களுக்கு அதில் என்ன வேலை என்று நமது வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். அக்கேள்வி பிசகானது என்று காட்டுவதே இன்று நமது நோக்கம். குழந்தையின் தூக்கத்தைக் குழந்தை நிர்ணயித்துக் கொள்வதில்லை. வீட்டுப் பெரியவர்களும், பள்ளிக்கூட நிர்வாகிகளும், தெருவில் ஒலிபெருக்கி கட்டுவோரும், சட்டம் இயற்றுவோருமே அதை நிர்ணயிக்கிறார்கள். ஆகவே அதில் நேரும் குறைவுக்குப் பொறுப்பாளிகளும் அவர்களே.

டில்லி ராம்லீலா மைதானத்தில் 2011-ம் வருஷம் நள்ளிரவில் உறங்கிக் கொண்டிருந்த ஜனத்திரளைப் போலீஸார் கலைத்தது குறித்து எழுந்த வழக்கில், 2012-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. நீதிபதி பி. எஸ். சௌஹான் தமது தனித் தீர்ப்பில், தூக்கம் மனிதனுக்குள்ள அடிப்படை உரிமை என்றும், அரசியல் சட்டத்தின் 21-வது ஷரத்து காக்கும் ஜீவிய உரிமையில் அது அடங்கியது என்றும் எடுத்துரைத்தார். வயது வந்தவர்களின் உறக்கம் கலைந்தால் அவர்கள் வக்கீலை அமர்த்தி வழக்காடலாம். ஐந்து வயதுக் குழந்தை, விடியுமுன் தன்னை உலுக்கி எழுப்புவோர்மீது எந்தக் கோர்ட்டில் பிராது கொடுக்கும்? அதற்கு வோட்டும் இல்லை, வக்காலத்தும் இல்லை. அதன் கட்சியைப் பேச வேண்டியவர்கள் நாமே.

குழந்தைக்கு எவ்வளவு தூக்கம் வேண்டும் என்பது இன்று ஊகத்துக்கு விடப்பட்ட விஷயமன்று. ஒன்று முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்குப் பகல் தூக்கம் உள்பட நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரமும், மூன்று நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரமும் வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ல் அறிவித்தது. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணி நேரம், பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை 8 முதல் 10 மணி நேரம் என்பது அமெரிக்க நித்திரை வைத்திய நிபுணர் சங்கம் 2016-ல் கூறிய முடிவு. தூங்கும்போது உடம்பு சும்மா கிடக்கிறது என்று நினைப்பது தவறு. ஆழ்ந்த தூக்கத்தின்போதுதான் வளர்ச்சிக்குரிய ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கிறது. பகலில் கற்றதை மூளை தரம் பிரித்து நிலைநிறுத்திக் கொள்வதும் தூக்கத்திலேதான். தூக்கத்தைக் குறைத்துப் பாடத்தைக் கூட்டுவது, ஓட்டைக் குடத்தில் வேகமாகத் தண்ணீர் இறைப்பதற்கே ஒப்பாகும்.

இங்கே பெற்றோரும் உபாத்தியாயர்களும் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. தூக்கம் குறைந்த பெரியவன் கொட்டாவி விட்டுச் சோர்ந்து உட்காருவான். குழந்தையோ பல சமயங்களில் இதற்கு நேர்மாறாக, அடங்காமல் துள்ளும், அற்ப காரணத்துக்கு அழும், சொன்னதைக் கேளாது, எடுத்த காரியத்தில் மனம் நிலையாது. இதைக் கண்டு நாம் 'முரடு' என்றும் 'மந்தம்' என்றும் பட்டம் சூட்டித் தண்டிக்கிறோம். பருவமடையும் வயதினரின் கதியோ இன்னும் பரிதாபமானது. தூக்கத்தை வருவிக்கும் மெலடோனின் என்னும் சுரப்பு அவ்வயதில் இயற்கையாகவே முன்னைவிடப் பிந்திச் சுரக்கத் தொடங்குகிறது. இரவு பதினொரு மணிக்கு முன் உறங்குவது அவர்களில் பலருக்கு எளிதன்று. காலையில் எழ மாட்டாத அப்பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசுவது, அவனுக்கு மீசை அரும்பியதற்காக ஏசுவதைப் போன்றது.

தூக்கத்தின் முதற் காவல் குடும்பம். பாலஸ்தீனத்தில் குடியேறிய யூத தேசியவாதிகள் 1910 முதல் கிபுத்ஸ் என்னும் கூட்டுக் குடியிருப்புகளை அமைத்தார்கள். புதிய தேசத்துக்குப் புதிய பிரஜைகளை வளர்க்கும் ஆர்வத்தால், அக்குடியிருப்புகளிற் பலவற்றில் குழந்தைகளை இரவிலும் பெற்றோரை விட்டுப் பிரித்துத் தனி விடுதிகளில் உறங்க வைத்தார்கள். சில காவற்காரர் மாத்திரம் முறை வைத்து அத்தனை குழந்தைகளையும் கவனித்தனர். ஆகாரத்திலும் சுகாதாரத்திலும் குறை ஒன்றும் வைக்கவில்லை. ஆயினும் 1994-ல் வெளியான ஆராய்ச்சியில், வீட்டில் உறங்கிய கிபுத்ஸ் குழந்தைகளில் 80 சதவீதத்தினர் தாயிடம் அச்சமற்ற உறுதியான பற்றுடையவராகவும், விடுதியில் உறங்கியவர்களில் 48 சதவீதத்தினரே அவ்விதம் இருந்ததாகவும் காணப்பட்டது. பகற்பொழுது இரு சாராருக்கும் ஏறக்குறைய ஒரே விதமாகவே கழிந்தது. வித்தியாசம் இராப்பொழுதில்தான் இருந்தது. 1990-களின் இறுதிக்குள் அவ்வழக்கம் கைவிடப்பட்டது. தேசபக்தியின் பெயராலும் குழந்தையின் இரவைத் தாய் தந்தையரிடமிருந்து பிரிக்க முடியவில்லை என்பது இதிலிருந்து நாம் கற்கத்தக்க பாடம்.

ஆனால் ஒரே கூரையின்கீழ் உறங்கினால் மட்டும் போதுமா? 2013-ல் அமெரிக்காவில் ஆரிகன் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள், ஆறு முதல் பன்னிரண்டு மாதமுள்ள சிசுக்கள் தூங்குகையில் அவற்றின் மூளையைப் பரிசோதித்தார்கள். கோபக் குரல் ஒலித்தபோது, தாய் தந்தையர் அடிக்கடி சச்சரவிடும் வீட்டுச் சிசுக்களின் மூளையில், உணர்ச்சிகளையும் கலவரத்தையும் ஆளும் பாகங்கள் மற்றச் சிசுக்களைவிட அதிகமாக விழித்தன. குழந்தை தூங்கிவிட்டது, இனிச் சண்டையைத் தொடரலாம் என்று எண்ணும் தம்பதிகள் இதை அறியக் கடவர். அதே வருஷத்தில் இங்கிலாந்தில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று வெளியாயிற்று. நாளுக்கொரு நேரமாகப் படுக்கைக்குப் போகும் குழந்தைகளிடம் நடத்தைக் கோளாறுகள் மிகுந்திருந்தன. ஒழுங்கான நேரத்துக்கு மாறியவர்களிடம் அவை குறைந்தன. பின்னதுவே நமக்கு நம்பிக்கை தருவது. நேர்ந்த தீங்கு தீராத தீங்கன்று. நேரத்தைத் திருத்தினால் குழந்தையும் திருந்துகிறது.

நம் நாட்டில் தூளியும் தாலாட்டும் பாட்டி கதையும் இவ்வொழுங்கைத் தாமாகவே காத்து வந்தன. விளக்குக்கு எண்ணெய் செலவாகும் என்ற கவலையே வீட்டை நேரத்தோடு அடக்கியது. இப்பொழுது வீட்டின் இரவு நீண்டுவிட்டது. டெலிவிஷனில் தொடர்கதை முடியுமட்டும் சமையலறை அடங்குவதில்லை. அது முடிந்தபின் ஆளுக்கொரு செல்போன் ஒளிர்கிறது. அந்த ஒளியே மெலடோனின் சுரப்பைத் தள்ளிப்போடும் தன்மையது. 'குழந்தை பத்தரை மணி வரையில் தூங்குவதே இல்லை' என்று குறை சொல்லும் தந்தை, வீட்டில் அதுவரை யாராவது தூங்கினார்களா என்று தம்மையே கேட்டுக்கொள்வாராக.

எனினும், எல்லாப் பழியையும் பெற்றோர் தலையில் சுமத்துவது நியாயமாகாது. ஒரே அறையில் ஐந்து பேர் வசிக்கும் குடும்பத்தில் குழந்தைக்கெனத் தனியாக விளக்கை அணைப்பது எப்படி? இரவு ஷிப்டு முடிந்து வரும் தந்தையும், நான்கு மணிக்கே எழுந்து பஸ் பிடிக்கும் தாயும் எந்த அட்டவணையைப் பின்பற்றுவார்கள்? இத்தகைய குடும்பங்களுக்கு உபதேசத்தால் பயனில்லை. அவர்களுடைய கைக்கு எட்டாத நேரங்களைத் திருத்தக் கூடியவர்கள் திருத்த வேண்டும். அவற்றுள் முதன்மையானது பள்ளிக்கூட நேரம்.

நகரத்துத் தனிப் பள்ளி ஒன்றில் ஆறாவது வகுப்பில் படிக்கும் பிள்ளையின் நாளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். காலை ஐந்தரைக்கு எழுந்து ஆறரைக்கு வேன் ஏறுகிறான். எட்டு மணிக்கு வகுப்பு. நான்கு மணிக்குத் திரும்பி, ஐந்து முதல் எட்டு வரை டியூஷன். பிறகு சாப்பாடு, வீட்டுப் பாடம், படுக்கும்போது பத்தரை. உறக்கம் ஏழு மணி நேரம். வேண்டிய குறைந்தபட்ச அளவுக்கே இரண்டு மணி நேரம் குறைவு. ஆறு நாளில் கடன் பன்னிரண்டு மணி. வாரத்தில் ஓர் இரவு முழுவதையும் அவனிடமிருந்து பறித்துவிடுகிறோம். இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-ல் பிறந்தபோது, ஏழு முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தையிடம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது என்று விதித்தது. குழந்தையை ஆலைக்கு அனுப்ப இசைந்த அக்கொடிய சட்டமே ஒன்பதில் நின்றது. கல்வியின் பெயரால் நாமோ பதினைந்து மணி நேரத்தைத் தொட்டுவிட்டோம்! சட்டம் இதைக் கேட்கிறதா? இல்லை. 2009-ம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டம் ஐந்தாவது வகுப்பு வரை வருஷத்துக்குக் குறைந்தது 200 நாளும் 800 மணி நேரமும் போதனை வேண்டும் என்கிறது. அதாவது நாளுக்கு நான்கு மணி. தனிப் பயிற்சிக் கூடங்கள் நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேலும், அதிகாலையிலும், இரவில் வெகு நேரம் வரையிலும் வகுப்பு நடத்தலாகாது என்று மத்திய சர்க்கார் 2024 ஜனவரியில் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. நெறி காகிதத்தில் இருந்தால் பிள்ளை தூங்கிவிடுமா?

மகாராஷ்டிரத்தில் 2023 டிசம்பரில் அப்பொழுதைய கவர்னர் ரமேஷ் பைஸ், குழந்தைகளின் தூக்கத்தை முன்னிட்டுப் பள்ளி நேரத்தை மாற்றவேண்டும் என்று கூறினார். 2024 பிப்ரவரியில் அம்மாகாண சர்க்கார், நான்காவது வகுப்பு வரையிலுள்ள வகுப்புகளைக் காலை ஒன்பதுக்கு முன் தொடங்கலாகாது என்று உத்தரவு பிறப்பித்தது. அமெரிக்காவில் கலிபோர்னியா 2019-ல் சட்டம் இயற்றி, 2022 முதல் உயர்தரப் பள்ளிகளை எட்டரைக்கு முன் திறக்கலாகாது என்றாக்கிற்று. பள்ளியைத் தாமதப்படுத்தினால் மாணவர்கள் அத்தனைக்கத்தனை பிந்திப் படுப்பார்கள், லாபமில்லை என்று வாதிப்போர் உண்டு. சியாட்டில் நகரில் 2016-ல் ஏழு ஐம்பது என்பதை எட்டு நாற்பத்தைந்து ஆக்கினார்கள். மாணவர்கள் நாளுக்கு 34 நிமிஷம் அதிகமாக உறங்கியதாக 2018-ல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. வாதம் அனுபவத்தின் முன் நிற்கவில்லை.

'நாங்கள் நான்கு மணிக்கு எழுந்து தெரு விளக்கில் படித்து முன்னுக்கு வரவில்லையா?' என்று முதியோர் கேட்பர். அவர்கள் நான்கு மணிக்கு எழுந்தது மெய். எட்டு மணிக்குப் படுத்ததும் மெய். பின்னதை மறந்து முன்னதை மாத்திரம் பேரனிடம் கேட்பது என்ன நீதி? சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி யு. யு. லலித் 2022-ல் ஒரு நாள் வழக்கத்துக்கு முன்னதாகவே கோர்ட்டைத் தொடங்கியபோது, குழந்தைகள் ஏழு மணிக்குப் பள்ளிக்குப் போக முடியுமானால் நாம் ஏன் ஒன்பதுக்கு வரலாகாது என்ற கருத்துப்படப் பேசினார். கடமையைத் தூண்டும் அவ்வார்த்தை போற்றத்தக்கதே. ஆயினும் அதைத் திருப்பியும் கேட்கவேண்டும்: முதிர்ந்த நீதிபதிகளுக்குப் பத்தரை மணி தகுமானால், வளரும் குழந்தைக்கு ஏழு மணி எவ்வாறு தகும்?

முடிவாக, நமது பொதுஜன ஊழியர்களுக்கே ஒரு வார்த்தை. 2000-ம் வருஷத்துச் சப்தக் கட்டுப்பாட்டு விதிகள் இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. திருவிழா முதலியவற்றுக்காக நள்ளிரவு வரை விலக்குத் தரலாம்; அதுவும் வருஷத்தில் பதினைந்து நாளுக்கு மேற்படலாகாது. இவ்விதியை அதிகமாக மீறுவோர் யார்? கட்சிக் கூட்டம் கூட்டுவோரும், திருவிழாக் கமிட்டியாரும், கல்யாண வீட்டாருமே. மேடையில் வருங்கால சந்ததியின் உரிமையைப் பற்றி நாம் முழங்கும்போது, அதே தெருவில் அந்தச் சந்ததி தூங்க முடியாமல் புரண்டு கொண்டிருக்கிறது. இந்த முரண்பாட்டைக் களைய எந்தச் சட்டமும் வேண்டியதில்லை. ஒன்பதரை மணிக்குக் கூட்டத்தை முடிப்பது என்று ஒவ்வொரு ஊர்க் கமிட்டியும் இன்றே தீர்மானிக்கலாம்.

சர்க்காரிடம் நாம் கேட்பவை மூன்று. தொடக்கப் பள்ளிகளை ஒன்பதுக்கு முன்பும் உயர்தரப் பள்ளிகளை எட்டரைக்கு முன்பும், தனிப் பள்ளிகள் உள்பட, தொடங்கலாகாது என்ற திட்டமான விதி. இரவு எட்டு மணிக்குப்பின் பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துவதற்குத் தடை. சப்த விதிகளைக் கட்சி பேதமின்றி அமல் செய்யும் உறுதி. பள்ளி நேரம் மாறினால் வேனுக்கும் ஆபீஸுக்கும் இடைஞ்சல் நேரும் என்பார்கள். நேரும், அந்த இடைஞ்சலைத் தாங்க வேண்டியவர்கள் பெரியவர்கள். வீடுகளிடம் நாம் கேட்பது ஒன்றே: தினமும் ஒரே நேரத்தில், உரத்த குரலும் ஒளிரும் திரையும் அடங்கிய பிறகு, தாயோ தந்தையோ பக்கத்தில் இருக்கக் குழந்தை கண் மூடட்டும். அதற்குப் பணச்செலவு இல்லை. பெரியவர்கள் தங்கள் இரவிலிருந்து ஒரு மணி நேரத்தைக் கொடுத்தால் போதும். அக்குழந்தையிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுப்பதே அன்றி இது தானம் அன்று.