கார் கட்ட முதல் தேவை ஒரு பட்டியல்

"ஓ.எல்லில கோட்டை விட்டா கராஜுக்குத்தான் போகவேணும்." இந்த வசனத்தைக் கேட்காமல் வளர்ந்த ஆள் எங்களில் ஒருத்தரும் இல்லை. எங்கட வீடுகளில் கராஜ் என்பது ஒரு தொழிலிடம் இல்லை, ஒரு வெருட்டல். அந்த வெருட்டலுக்குப் பயந்து படிச்சுக் கலைப்பீடம் வந்து சேர்ந்த நாங்கள்தான் இப்ப வீட்டில் கார் கட்டுவதைப் பற்றி எழுதுகிறோம். சிரிக்கிற ஆக்கள் சிரிச்சு முடிச்சிட்டு வாசியுங்கோ.

பிரித்தானியாவில் 'கிட் கார்' என்று ஒரு வழக்கம் இருக்கு. காரை முழுசாக வாங்காமல், பாகங்களாகச் சேர்த்து வீட்டில் வைத்துப் பூட்டுவது. 1948இல் கொலின் சப்மன் என்ற பொறியியல் மாணவர் பழைய ஒஸ்டின் செவன் ஒன்றைப் பிரித்து, காதலியின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னாலிருந்த கராஜில் தன் முதல் காரைக் கட்டினார். லோட்டஸ் நிறுவனம் அங்கிருந்துதான் தொடங்கியது. 1957இல் வந்த லோட்டஸ் செவனைப் பாகங்களாக வாங்கினால், முழுக் காருக்கு இருந்த கொள்வனவு வரி இல்லை. அதனால் சம்பளக்காரப் பொடியளும் அதை வாங்கிப் பூட்டினார்கள். 1973இல் வரிமுறை மாறி, அந்தச் சலுகையும் போனது.

ஆனால் எங்களைப் பிடிச்சு இழுத்தது லோட்டஸ் இல்லை, ஒரு புத்தகம். 1996இல் ரொன் சாம்பியன் என்பவர் எழுதியது. 250 பவுணுக்கே சொந்தமாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்பதுதான் அதன் தலைப்பு. செவனைப் போன்ற ஒரு காரை, கிட் கூட வாங்காமல், இரும்புக் குழாயிலிருந்து கட்டுகிற முறையை அது சொன்னது. எங்களுக்கு அதில் பெரிசாகத் தெரிவது வரைபடங்கள் இல்லை. எது எங்கே கிடைக்கும், எதை வாங்கவேணும், எதை இரவல் கேட்கலாம் என்கிற பட்டியல்தான்.

அந்தப் பட்டியலின் யோசனையைப் பாருங்கோ. சட்டத்துக்கு 25 மில்லிமீற்றர் சதுர இரும்புக் குழாய். அது கார்க் கடைச் சாமான் இல்லை, கேற் அடிக்கிறவர் வாங்குகிற இரும்புக்கடையிலேயே கிடைக்கும். எஞ்சின், கியர்பொக்ஸ், பின் அச்சு, ஸ்ரியரிங், வயர், மீற்றர் எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு பழைய போர்ட் எஸ்கோர்ட். உடம்பு உக்கிப்போன கார் என்றால் இன்னும் நல்லது. உக்கின உடம்பு எங்களுக்குத் தேவையில்லை, அந்தக் கறள்தான் விலையைக் குறைத்துத் தருகிறது. ஏன் எஸ்கோர்ட்? எஞ்சின் முன்னுக்கு, இழுவை பின் சில்லுக்கு. செவனின் அமைப்பும் அதுதான்.

கருவிகளும் அப்படித்தான். இரும்பு வாள், அரம், வைஸ், துளைக்கிற மெசின், ரிவெற் அடிக்கிற குறடு, ஒரு செற் ஸ்பனர். இவை கையில் இருக்கவேணும். எஞ்சின் தூக்குகிற கிரேன் ஒரு நாள் வேலை, வாடகைக்குப் போதும். எல்லாத்துக்கும் முதல் வேண்டியது நல்ல தட்டையான ஒரு பலகை. அதில் கோடு கீறி, குழாய்களை அடுக்கி ஒட்டினால்தான் சட்டம் முறுகாமல் வரும்.

மிச்சம் பிடிக்கக்கூடாத இடங்களும் உண்டு. பிரேக் குழாயும் சீலும் புதுசாகத்தான் இருக்கவேணும். சில்லைப் பிடித்துவைத்திருக்கிற கைகளை, வெல்டிங் நல்லாத் தெரிந்தவர் ஒட்டவேணும். இன்றைக்கு அங்கே வீட்டில் கட்டின கார் றோட்டுக்கு வருவதற்கு முதல் அரசாங்கப் பரிசோதனை இருக்கு. ஆளில் படக்கூடிய வெளி விளிம்புகள் குறைந்தது 2.5 மில்லிமீற்றர் ஆரத்துக்கு வளைந்திருக்கா என்றுகூட அளந்து பார்ப்பார்கள்.

இப்ப அந்த 250 பவுண் கணக்கு சரிவராது. பழைய எஸ்கோர்ட்டுகள் சேகரிப்பாளர்களின் கைக்குப் போய் விலை ஏறிவிட்டன. பிறகு வந்தவர்கள் போர்ட் சியேராவுக்கும் மஸ்டா எம்.எக்ஸ்-5க்கும் மாறினார்கள். பழைய பட்டியல் காலாவதியாக, புதுப் பட்டியல் எழுதப்பட்டது. எழுதி வைத்திருந்தபடியால்தான் திருத்தவும் முடிந்தது.

எங்களுக்குச் சுடுகிற இடம் இதுதான்.

1990களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. அப்பவும் ஒஸ்டினும் மொறிஸ் மைனரும் ஓடின. கொஞ்சப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் சூடு இல்லாமல் ஒழுங்காக ஆவியாகாது. அழுத்தம் கூடின எஞ்சினில் விட்டால் அது 'டக் டக்' என்று தட்டும். பழைய இங்கிலீஸ் கார்களின் எஞ்சின்களில் அழுத்தம் குறைவு, அதனால் தாங்கின. இது சும்மா அதிர்ஷ்டம் இல்லை. எது எதைத் தாங்கும் என்று கைகளுக்குத் தெரிந்திருந்தது. சப்மன் கராஜுக்குள் செய்ததற்கு இது எந்த வகையில் குறைஞ்சது?

தடையைப் புகழ இதை எழுதவில்லை. அந்தப் புகையும், மருந்தில்லாமல் செத்த சனமும் யாருடைய ஏக்கத்துக்கும் உரியதில்லை. சப்மனுக்கு அது விருப்பம், எங்கட ஆக்களுக்கு வேற வழி இல்லை. அந்த வித்தியாசத்தை மறக்கவும் கூடாது. ஆனால் வழியில்லாமல் கற்ற அறிவும் அறிவுதான்.

அந்தக் காலத்தில் கராஜ் வைத்திருந்த ஒரு ஐயாவிடம் போய், எந்தச் சாமானுக்குப் பதிலாக எதைப் போட்டீங்கள் என்று கேட்டோம். "அதில எழுத என்ன பிள்ளையள் இருக்கு, கைவேலைதானே" என்றார். பிறகு இரண்டு மணித்தியாலம் நிப்பாட்டாமல் கதைத்தார். எங்களிடம் இருந்தது ஒரு கொப்பி. அதிலும் பாதிச் சொல் விளங்கவில்லை. அவர் சொன்ன பாகம் ஒன்றும் எங்கட பாடப்புத்தகங்களில் இல்லை.

அவருக்கு வயது எழுபதுக்கு மேல். கராஜ் பூட்டியாச்சு. பிள்ளைகள் வெளிநாட்டில்.

நாளைக்கே முற்றத்தில் கார் கட்டுங்கோ என்று நாங்கள் சொல்லவில்லை. எங்களுக்கு ஒரு ரயர் மாத்தவும் தெரியாது. ஆனால் கேட்கவும், பதியவும், ஒழுங்குபடுத்தி எழுதவும் கலைப்பீடத்தில் எங்களுக்குப் பழக்கியிருக்கிறார்கள். வாய்மொழி வரலாறு என்று பாட்டையும் கூத்தையும் பதிகிறோம், நல்லது. பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் கிண்டுகிறவரின் கண்ணையும், எங்கட ஊர்க் கராஜ்காரரின் காதையும் ஏன் பதிவதில்லை? 'கைவேலைதானே' என்று அவரைச் சொல்லப் பழக்கினது, எங்களை வெருட்டின அதே வசனம்தான்.

ஆகவே ஒரு சின்ன வேலை. உங்கட ஊரில் பூட்டிக்கிடக்கிற ஒரு கராஜுக்குப் போங்கோ. இரண்டு கேள்வி போதும்: "இது எங்க எடுத்தனீங்கள்? இது இல்லாட்டி என்ன போட்டனீங்கள்?" பதிலைத் தமிழில், அவருடைய சொல்லிலேயே எழுதுங்கோ. கார் கட்டுவது பிறகு பார்ப்போம். பட்டியல் சொல்லக்கூடிய ஆக்கள் இன்னும் கனகாலம் இருக்கமாட்டினம்.