தோற்ற பிறகு எல்லோரும் பயிற்றுநர்கள்

மார்ச் மாதம் வந்தால் லண்டனில் வாழும் யாழ்ப்பாணத்துப் பழைய மாணவர்களுக்கு இரண்டு ஆட்டங்கள். ஒன்று ஊரில் மைதானத்தில் நடப்பது. மற்றது, அது முடிந்த பிறகு இங்கே வட்ஸ்அப் குழுக்களிலும் கோயில் மண்டபங்களிலும் பிறந்தநாள் விழாக்களிலும் நடப்பது. முதலாவது மூன்று நாளோடு முடிந்துவிடும். இரண்டாவது சித்திரை வருடப்பிறப்பு தாண்டியும் இழுபடும்.

யாழ். மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 ஆம் ஆண்டு முதல் மோதிவரும் ‘வடக்கின் பெரும் போர்’ ஆகட்டும், பத்திரிசியார் கல்லூரிக்கும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் இடையிலான ‘பொன் அணிகளின் போர்’ ஆகட்டும், கதை ஒன்றுதான். இன்று இந்த ஆட்டங்களை இணையத்தில் நேரலையாகப் பார்க்க முடிகிறது. ஊரில் காலையில் தொடங்கும் ஆட்டத்தை இங்கே விடியப்புறம் எழும்பியிருந்து பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பார்ப்பது நல்லது. ஊரோடு இன்னும் அறுபடாமல் இருக்கும் கயிறுகளில் அதுவும் ஒன்று.

ஆனால் ஆட்டம் இழுபறியில் போய் நம் பக்கம் தோற்றுவிட்டால் விசாரணை தொடங்கிவிடும். "ஏன் இவ்வளவு கெதியா நிப்பாட்டினவன்?" "சுழல்பந்துக்காரனை ஏன் முதலே கொண்டு வரேல்லை?" "கோச்சுக்கு என்ன தெரியும்?" இப்படிப் போகும் பேச்சு கடைசியில் ஒரு பெயரில் போய் நிற்கும். அந்தப் பெயருக்கு உரியவன் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பள்ளிக்கூடப் பெடியன். லண்டனிலும் ரொறன்ரோவிலும் தன்னைப் பற்றி என்ன எழுதுகிறார்கள் என்பதை அவனும் தன் கைத்தொலைபேசியில் வாசிக்கிறான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

விமர்சிக்கவே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. பயிற்சி வலைக்கும் பந்துக்கும் துடுப்புமட்டைக்கும் பயிற்றுநர் கொடுப்பனவுக்கும் பழைய மாணவர் சங்கங்கள் காசு அனுப்புகின்றன. காசு கொடுப்பவர் கேள்வி கேட்பது நியாயம். எப்படிக் கேட்பது என்பதில்தான் பிழை இருக்கிறது.

நான் தொழிலால் கணக்காளர். ஊரில் வணிகமாணி முடித்து, அகதியாக இங்கு வந்து, பல ஆண்டுகளாகச் சிறு வியாபாரங்களின் கணக்குகளைப் பார்த்து வருகிறேன். எங்கள் தொழிலில் இந்தச் சிக்கலுக்கு ஒரு விதியே எழுதி வைத்திருக்கிறார்கள்: சர்வதேச கணக்கீட்டு நியமம் 10. ஒரு கடையின் நிதியாண்டு மார்ச் 31 உடன் முடிகிறது என்று வையுங்கள். கணக்கு தயாராவதற்குச் சில மாதங்கள் ஆகும். அதற்கிடையில் புதிது புதிதாகச் செய்திகள் வரும். அவற்றில் எதை மார்ச் கணக்கில் சேர்ப்பது, எதை விடுவது?

கடைக்குக் காசு தரவேண்டிய ஒருவர் மே மாதத்தில் வங்குரோத்தாகிவிட்டால், அவர் மார்ச்சிலேயே தள்ளாடிக்கொண்டிருந்தார் என்பதற்கு அது பெரும்பாலும் சான்று. ஆகவே மார்ச் கணக்கைத் திருத்த வேண்டும். ஆனால் மே மாதத்தில் களஞ்சியம் தீப்பற்றினால் மார்ச் ஐந்தொகையில் கைவைக்க முடியாது. மார்ச் 31 அன்று களஞ்சியம் முழுதாக நின்றது. தீயைப் பற்றிக் குறிப்பு எழுதலாம். சரக்கின் பெறுமதியைக் குறைத்துக் காட்ட முடியாது. அன்றைக்கு இருந்த நிலைமையைத்தான் பின்னால் வந்த செய்தி வெளிச்சமாக்குகிறதா, அல்லது அன்றைக்கு இல்லாத ஒன்று பின்னால் வந்து சேர்ந்ததா என்பதே கேள்வி.

இந்தக் கேள்வியை மைதானத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்போம். 1996 உலகக் கிண்ணம் எல்லோருக்கும் நினைவிருக்கும். மார்ச் 13 அன்று கொல்கத்தா ஈடன் கார்டன் மைதானத்தில் அரையிறுதி. நாணயச் சுழற்சியில் வென்ற அசாருதீன் இலங்கையைத் துடுப்பெடுத்தாடச் சொன்னார். அதற்குக் காரணம் இருந்தது. பதினொரு நாட்களுக்கு முன் டெல்லியில் இந்தியா எடுத்த 271 ஓட்டங்களை இலங்கை துரத்திப் பிடித்திருந்தது. துரத்துவதில் கெட்டிக்காரர்களுக்குத் துரத்தும் வாய்ப்பைக் கொடுக்கக் கூடாது என்பது கணிப்பு. முதல் ஓவரிலேயே ஜயசூரியவும் களுவிதாரணவும் ஆட்டமிழந்தபோது அசாருதீன் மேதையாகத் தெரிந்திருப்பார். இரவில் ஆடுகளத்தில் பந்து சுழலத் தொடங்கி, ஒரு விக்கெட்டுக்கு 98 என்றிருந்த இந்தியா 8 விக்கெட்டுக்கு 120 என்று சரிந்து, இரசிகர்கள் கலகம் செய்து ஆட்டம் நின்றபோது அதே மனிதர் முட்டாளாகிவிட்டார்.

நான்கு நாட்கள் கழித்து லாகூரில் இறுதிப் போட்டி. நாணயச் சுழற்சியில் வென்ற அர்ஜுன ரணதுங்கவும் அதே முடிவைத்தான் எடுத்தார்: எதிரணி முதலில் ஆடட்டும். அதுவரை நடந்த ஐந்து உலகக் கிண்ண இறுதிப் போட்டிகளிலும் முதலில் துடுப்பெடுத்தாடிய அணியே வென்றிருந்தது. ஆனாலும் தன் அணியின் பலம் துரத்துவதில் என்று அவர் நம்பினார். அவுஸ்திரேலியா 241; இலங்கை மூன்று விக்கெட் மாத்திரம் இழந்து 245. ரணதுங்க மாபெரும் தலைவர் ஆனார். ஒரே வாரத்தில் இரண்டு தலைவர்கள் எடுத்த ஒரே முடிவு ஒருவருக்குப் பழியையும் மற்றவருக்குப் புகழையும் கொடுத்தது. அசாருதீனை நியாயமாகக் கேட்கக்கூடியது ஒன்றுதான்: அந்த ஆடுகளம் இரவில் எப்படி மாறும் என்பதை ஆட்டத்துக்கு முன்னரே கண்டுபிடித்திருக்க முடியுமா? முடியும் என்றால் அது மே மாதத்தில் வங்குரோத்தான கடனாளியைப் போன்றது. முடியாதென்றால் அது களஞ்சியத்துத் தீ.

நம் கல்லூரிப் போட்டிகளுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் கார்பீல்ட் சோபர்ஸ். மூன்று நாள் போட்டியில் ஒரு தலைவன் எடுக்கும் மிகக் கடினமான முடிவு, இரண்டாவது இன்னிங்ஸை எப்போது இடைநிறுத்துவது என்பது. முந்தி நிறுத்தினால் எதிரணிக்கு இலக்கு எட்டிவிடும். பிந்தி நிறுத்தினால் பத்து விக்கெட்டையும் எடுக்க நேரம் போதாது. சரியான நிமிடம் எது என்பது ஆட்டம் முடிந்த பிறகுதான் தெரியும். 1968 மார்ச்சில் போர்ட் ஒஃப் ஸ்பெயினில், மேற்கிந்தியத் தீவுகளின் இரண்டாவது இன்னிங்ஸை 2 விக்கெட்டுக்கு 92 என்ற நிலையில் நிறுத்திய சோபர்ஸ், இங்கிலாந்துக்கு 165 நிமிடங்களில் 215 ஓட்டங்கள் என்ற இலக்கைக் கொடுத்தார். மூன்று நிமிடங்கள் மீதமிருக்க இங்கிலாந்து வென்றது. அந்தத் தொடரில் வெற்றி தோல்வி கண்ட ஒரே போட்டி அதுதான். சோபர்ஸை அவருடைய மக்கள் நெடுங்காலம் மன்னிக்கவில்லை.

அன்றைய தகவலை மட்டும் வைத்துப் பார்ப்போம். முந்திய மூன்று டெஸ்ட்களும் சமநிலையில் முடிந்திருந்தன. வெல்ல வேண்டுமென்றால் துணிய வேண்டும். முதல் இன்னிங்ஸில் பகுதிநேரப் பந்துவீச்சாளர் பசில் புச்சரே 34 ஓட்டங்களுக்கு 5 விக்கெட் எடுத்திருந்தார். இவை அவருக்குச் சாதகம். ஆனால் வேகப்பந்து வீச்சாளர் சார்லி கிரிபித் காயத்தால் பந்துவீச முடியாமல் இருந்தார். அதுவும் இடைநிறுத்தும்போது தெரிந்த விடயம். ஆகவே "கிரிபித் இல்லாமல் ஏன் துணிந்தாய்?" என்று கேட்பது நியாயமான விமர்சனம். "தோற்றாயே, உனக்கு மூளை இல்லையா?" என்பது வெறும் வசை. முதலாவது கேள்வியை அவர் இடைநிறுத்திய நிமிடத்திலேயே கேட்டிருக்கலாம். இரண்டாவதை முடிவு தெரிந்த பிறகுதான் கேட்க முடியும்.

இந்த நகரத்திலேயே நடந்த ஆட்டம் ஒன்றையும் பார்ப்போம். 2019 ஜூலை 14, லோர்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் மோதிய உலகக் கிண்ண இறுதி. இரண்டு அணியும் 241. சுப்பர் ஓவரிலும் இரண்டு அணியும் 15. அதிக பவுண்டரி அடித்தவர்கள் என்ற கணக்கில், 26க்கு 17 என்று இங்கிலாந்து கிண்ணத்தை எடுத்தது. அந்த விதியை அதே ஆண்டிலேயே தூக்கிவிட்டார்கள்.

கடைசி ஓவரில் மார்ட்டின் கப்டில் விக்கெட்டை நோக்கி எறிந்த பந்து, பாய்ந்து விழுந்த பென் ஸ்டோக்ஸின் மட்டையில் பட்டு எல்லைக்கோட்டுக்கு ஓடியது. நான்கு நாட்களுக்கு முன் மான்செஸ்டரில் நடந்த அரையிறுதியில் இதே கப்டில் எறிந்த பந்துதான் டோனியை ரன் அவுட் ஆக்கி இந்தியாவை வெளியே அனுப்பியது. இரண்டும் ஒரே கையிலிருந்து வந்த நல்ல எறிகள். ஒன்று விக்கெட்டில் பட்டது, மற்றது மட்டையில் பட்டது. மட்டையில் பட்டதற்குக் கப்டிலைக் குறைசொல்ல எந்தக் கணக்காய்வாளராலும் முடியாது.

அந்தப் பந்துக்கு ஆறு ஓட்டங்கள் கொடுத்த நடுவர்களில் ஒருவர் இலங்கையின் குமார் தர்மசேன. விதிப்படி ஐந்துதான் கொடுத்திருக்க வேண்டும் என்று முன்னாள் நடுவர் சைமன் டோபல் சுட்டிக்காட்டினார். மறு ஒளிபரப்பைப் பார்த்தபின் பிழைதான் என்று தர்மசேனவும் ஒப்புக்கொண்டார். ஆனால் மைதானத்தில் நின்ற தனக்கு அந்த மறு ஒளிபரப்பு இருக்கவில்லை, அந்த முடிவுக்காக வருந்தவில்லை என்றும் சொன்னார். பலருக்கு அது திமிராகப் பட்டது. எனக்கு அது தொழில் தெரிந்த ஒருவரின் பதிலாகவே பட்டது. கணக்கு பிழை என்பது வேறு, கணக்குப் பார்த்தவர் கடமையில் தவறினார் என்பது வேறு.

சுப்பர் ஓவருக்கு நியூசிலாந்து அனுப்பிய இருவரில் கப்டிலும் ஒருவர். தொடர் முழுவதும் ஓட்டம் எடுக்கத் தடுமாறியவரை ஏன் அனுப்பினார்கள் என்று கேட்கலாம்; அது அனுப்பும்போதே தெரிந்த தகவல். வேகமாக ஓடக்கூடியவர், பலமாக அடிக்கக்கூடியவர் என்று பதிலும் சொல்லலாம். கடைசிப் பந்தில் இரண்டு ஓட்டம் தேவைப்பட, இரண்டாவது ஓட்டத்துக்கு ஓடி அவர் ஆட்டமிழந்தார் என்பது மட்டும் அந்த விவாதத்தில் சான்றாகாது. ஓடி முடித்திருந்தால் அதே முடிவை எல்லோரும் பாராட்டியிருப்பார்கள்.

இனி நம் பிள்ளைகளிடம் வருவோம். அடுத்த முறை எழுதுவதற்கு முன் மூன்று கேள்விகளை நம்மிடமே கேட்டுப் பார்க்கலாம். நான் சொல்லும் குறை அந்த நிமிடத்தில் அந்தப் பெடியனுக்குத் தெரியக்கூடியதாக இருந்ததா? அந்த நேரத்தில் நான் அதைச் சொன்னேனா, அல்லது முடிவு தெரிந்த பிறகா? வென்றிருந்தால் இதே முடிவைப் புகழ்ந்திருப்பேனா? மூன்றையும் தாண்டி நிற்கும் விமர்சனம் பெறுமதியானது. அதைச் சங்கத்தின் ஊடாகப் பயிற்றுநரிடம் கொடுங்கள்; பொதுவில் மாணவனின் பெயரை இழுக்க வேண்டாம். சம்பளம் வாங்குபவர் பதில் சொல்லட்டும்.

பயிற்றுநர்களுக்கும் ஒன்று சொல்லலாம். நாங்கள் ஒரு கணக்கை முடிக்கும்போது, ஏன் இந்த மதிப்பீட்டைச் செய்தோம் என்று அன்றே எழுதி வைப்போம். அதேபோல ஒவ்வொரு இடைவேளையிலும் ஆடுகளம் எப்படி, யாருக்குக் காயம், என்ன திட்டம், ஏன் என்று நான்கு வரி எழுதி வைத்தால் போதும். தோற்ற பிறகு அந்தத் தாளை வைத்துப் பேசலாம். அடுத்த ஆண்டுத் தலைவனுக்கு அது பாடமாகவும் இருக்கும்.

இதை நான் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம், இந்தப் பழக்கம் நம்மவரிடம் மைதானத்தோடு நிற்பதில்லை. ஒரே காலத்தில், ஒரே முகவரிடம் காசு கட்டிப் புறப்பட்ட இருவரில் ஒருவர் லண்டன் வந்து சேர்ந்தால் அவர் கெட்டிக்காரர். வழியில் பிடிபட்டுத் திரும்பியவர் ஏமாந்தவர். புறப்பட்ட அன்று இருவருக்கும் தெரிந்திருந்தது ஒன்றுதான். 1995 ஒக்ரோபர் கடைசியில் யாழ்ப்பாணத்தை விட்டு ஒரே இரவில் வெளியேறியவர்கள், எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள், யாரைப் பின்னால் வரச் சொன்னார்கள் என்று இன்றைக்கும் தங்கள் வீட்டு மேசைகளில் விசாரிக்கப்படுகிறார்கள். காணியை விற்றவரும் குற்றவாளி, விற்காதவரும் குற்றவாளி. பின்னால் வந்த முப்பது ஆண்டுகளின் செய்தியை வைத்து அந்த ஒரு இரவின் ஐந்தொகையைத் திருத்தப் பார்க்கிறோம்.

இது எல்லாவற்றையும் மன்னிக்கும் விதி அல்ல. எச்சரிக்கை கையில் இருந்தும் அதைப் பாராமல் பொதுக்காசை இழந்தவர் பதில் சொல்லத்தான் வேண்டும். தெரிந்தும் செய்தவரையும் தெரியாமல் பட்டவரையும் ஒரே தட்டில் வைக்காமல் இருப்பதற்குத்தான் இந்த விதி.

வரும் மார்ச்சிலும் ஏதோ ஒரு தலைவன், வெயிலில் நின்று மணிக்கூட்டைப் பார்த்து, இப்போது நிறுத்துவதா இன்னும் இரண்டு ஓவர் ஆடுவதா என்று யோசிப்பான். உங்களுக்கு ஒரு கருத்து இருந்தால் அந்த நேரமே சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு முடிவு எதுவானாலும், துணிந்து ஒரு முடிவெடுத்த பிள்ளைக்கு ஒரு கைதட்டலும் கொடுங்கள்.