சோறு போடுவது உத்தியோகமில்லையா?

சென்ற தை மாதக் கடைசியில் நைனார்பாளையத்தில் ஒரு கல்யாணப் பேச்சுக்குப் போயிருந்தேன். பையன் என் பாலிய சிநேகிதனுடைய மகன். சிநேகிதன் இப்போது இல்லை. அதனால் பையன் தரப்பில் பேச ஒரு பெரியவர் வேண்டுமென்று என்னைக் கூட்டிப் போனார்கள்.

அந்த ஊரை அறியாத வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை. சின்னசேலம் தாலூகாவைச் சேர்ந்தது. கல்வராயன் மலை அதிக தூரமில்லை. மக்காச்சோளமும் பருத்தியும் மரவள்ளியும், தண்ணீர் உள்ள இடத்தில் நெல்லும் கரும்பும் விளைகிற சீமை. ஒரு காலத்தில் தென்னாற்காடு ஜில்லா. 1993-இல் விழுப்புரம் ஜில்லாவாயிற்று. 2019-இல் கள்ளக்குறிச்சி ஜில்லாவாயிற்று. ஊர் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. கலெக்டர் ஆபீஸ்தான் கடலூரிலிருந்து புறப்பட்டு, விழுப்புரத்தில் தங்கி இளைப்பாறி, இப்போது கள்ளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்திருக்கிறது!

பெண்ணின் தகப்பனார் மூன்று ஏக்கர் விவசாயி. நல்ல மனிதர். திண்ணையில் பாய் விரித்து உட்கார வைத்தார். காப்பி வந்தது. வெயிலைப் பற்றியும் மக்காச்சோளத்தில் விழுந்த படைப்புழுவைப் பற்றியும் பேசினோம். பிறகு அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மாப்பிள்ளைப் பையன் என்ன வேலைங்க பார்க்கறாரு?"

"நெல் கொள்முதல் நிலையத்துல பட்டியல் எழுத்தருங்க" என்றார் பையனின் தாய்மாமன்.

"பர்மனென்டுங்களா?"

"பருவத்துக்குங்க..."

அவ்வளவுதான். அந்த 'பருவத்துக்குங்க' என்ற சொல் திண்ணையில் விழுந்ததும் காப்பி டம்ளர்கள் உள்ளே போய்விட்டன. "ஐயா தப்பா நெனச்சுக்கக் கூடாது. பொண்ணு பி.காம். படிச்சிருக்கு. ஏதாச்சும் ஒரு உத்தியோகத்துல இருக்கிற பையனா..." என்று என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நானும் கைகூப்பினேன். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

பத்து நாளில் அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளைக்குச் சென்னையில் உத்தியோகம். காலை முதல் இரவுவரை முன்பின் அறியாத மனிதர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "எங்கள் கடன் அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று கேட்க வேண்டும். அந்தப் பையனிடம் எனக்கு ஒரு பகையும் இல்லை. அப்படிப்பட்ட பிள்ளைகள் என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். பாவம், மரியாதையான குரல்கள். அவனும் என்றைக்கு வேண்டுமானாலும் வீட்டுக்கு அனுப்பப்படக் கூடியவன்தான். ஆனால் அது உத்தியோகம். நெல்லை அளந்து வாங்குவது உத்தியோகமில்லை!

நெல் விளைவிக்கிற ஒருவர், நெல்லை அளந்து வாங்குகிறவனுக்குப் பெண் கொடுக்க மறுக்கிறார். இந்த விபரீதத்தை நான் அங்கேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சபை நாகரிகம் என்று சொல்லி வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு விழுங்கியதைத்தான் இப்போது கக்குகிறேன்.

'உத்தியோகம் புருஷ லட்சணம்' என்கிறோம். முயற்சி என்று பொருள்பட்ட சொல் அது. நாம்தான் அதை நாற்காலி என்று மாற்றிக்கொண்டோம். நாற்காலி, மின்விசிறி, மாதத்தின் முதல் தேதி ஆகிய மூன்றும் இருந்தால் உத்தியோகம். அவற்றில் ஒன்று குறைந்தால் 'ஏதோ வேலை'. மூன்றுமே இல்லையென்றால், நாற்று நடுகிறவளைப்போல, 'சும்மா இருக்கிறாள்'.

சரி, அந்தப் பையன் செய்கிற 'ஏதோ வேலை'தான் என்ன? வாசகர்களில் பெரும்பாலோர் கொள்முதல் நிலையத்தை ரயில் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருப்பார்கள். குடியானவர் நெல்லை வண்டியில் கொண்டுவந்து களத்தில் கொட்டுகிறார். பையன் அதில் ஒரு பிடி எடுத்துக் கருவியில் போட்டு ஈரப்பதம் பார்க்கிறான். சட்டப்படி 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. மழைக்காலம் பொல்லாததாக இருந்து, மாநில சர்க்கார் மன்றாடிக் கேட்டால், மத்திய சர்க்கார் 19 வரை தளர்த்துவது உண்டு. 2022-இல் அப்படி நடந்தது. மற்ற நாட்களில் பதினேழு பதினேழுதான்.

கருவி 20 காட்டுகிறது. எதிரே நிற்பவர் தகப்பன் வயதுக்காரர். நகையை அடகு வைத்துப் பயிர் செய்தவர். இரண்டு ராத்திரி நெல்லுக்குக் காவலாகக் களத்திலேயே படுத்துக் கிடந்தவர். மேற்கே மேகம் கறுக்கிறது. "தம்பி, எடுத்துக்க தம்பி" என்கிறார். எடுத்தால் என்ன ஆகும்? ஈரத்தோடு கட்டிய மூட்டைக்குள் சூடேறும். அரிசி பழுப்பு நிறமாகும், பூஞ்சை பிடிக்கும், அந்தக் குவியலில் நல்ல நெல்லும் சேர்ந்து பாழாகும். பதில் சொல்ல வேண்டியவன் அவன். எடுக்காவிட்டால்? அந்த மனிதர் பாதி விலைக்கு வியாபாரியிடம் கொடுத்துவிட்டுப் போவார். மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்த முகத்தைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். பிறகு 40 கிலோ மூட்டையாகப் பிடித்து, எடை போட்டு, பட்டியல் எழுதி, தார்ப்பாய் மூடி, லாரி வரும்வரை எலிக்கும் மழைக்கும் காவல் இருக்க வேண்டும். ஒரு ஜட்ஜுக்காவது வாய்தா போட அதிகாரம் உண்டு. இவனுக்கு அதுவும் இல்லை; மேகம் காத்திருக்காது.

இந்த வேலைக்குச் சர்க்கார் கேட்கிற படிப்பு விஞ்ஞானப் பட்டம். பட்டதாரியைக் கூப்பிட்டு, அறுவடை முடிந்ததும் 'போய் வா' என்று அனுப்புகிறார்கள். அவனோடு நிற்கிற சுமைதூக்கும் தொழிலாளிக்கு அதுவும் இல்லை. முதுகில் ஏறுகிற மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. சாப்பிடுவது வருஷம் பூராவும். சாப்பாட்டைக் காப்பவனுக்குச் சம்பளம் பருவத்துக்கு மட்டும்! இது பெண்ணின் தகப்பனார் செய்த குற்றமல்ல. அவருடைய கேள்வி நியாயமான கேள்வி. 'நிரந்தரமா?' என்று அவர் பையனைக் கேட்டார். கேட்டிருக்க வேண்டியது சர்க்காரை.

இனி ரேஷன் கடைக்கு வருவோம். 2022-இல் கூட்டுறவுச் சங்கங்களின் கடைகளுக்கு ஆள் எடுக்க விளம்பரம் வந்தது. விற்பனையாளருக்கு முதல் ஒரு வருஷம் தொகுப்பூதியம் மாதம் 6,250 ரூபாய், கட்டுநருக்கு 5,500. நகரத்தில் இரண்டு பேர் ஓர் ஓட்டலில் நான்கு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டால் போய்விடக்கூடிய தொகை. இந்தத் தொகைக்கு ஒருவனை உட்காரவைத்து, பல நூறு குடும்பங்களின் அரிசியையும் சர்க்கரையையும் பருப்பையும் அவன் கையில் ஒப்படைத்துவிட்டு, 'ரேஷன் கடைக்காரன் திருடன்' என்று நாம் சாய்வுநாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்கிறோம்.

திருடுகிறவன் இல்லையா என்றால், இருக்கிறான். எடைக்கல்லில் விரலை வைக்கிறவனுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் கோடிக்கணக்கில் பாங்கியை ஏமாற்றுகிறவனைப் பார்த்து எவரும் 'வியாபாரம் செய்கிறவர்களே திருடர்கள்' என்று சொல்வதில்லை. இங்கே மட்டும் ஒருவனுடைய குற்றம் தொழிலின் ஜாதியாகிவிடுகிறது. கிடங்கிலிருந்து வரும் மூட்டையிலேயே எடை குறைந்தால் அந்தக் குறைவு தங்கள் தலையில்தான் விடிகிறது என்று விற்பனையாளர்கள் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். காது கொடுத்தவர் எத்தனை பேர்?

தமிழ்நாட்டில் 34,000-க்கும் மேற்பட்ட ரேஷன் கடைகள் இருக்கின்றன. 2020 ஏப்ரலை நினைத்துப் பாருங்கள். வீதியெல்லாம் மயானம்போல் கிடந்தது. நாற்காலி உத்தியோகமெல்லாம் வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டது. நானும் தாழிட்டுக்கொண்டேன். அந்த மாதத்தில் ஆயிரம் ரூபாயையும் விலையில்லா அரிசியையும் டோக்கன் கொடுத்து, தரையில் சுண்ணாம்பு வட்டம் போட்டு நிற்க வைத்து, மூக்கில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு நீட்டிய கை யாருடையது? மருத்துவர்களுக்காகக் கைதட்டினோம். அது சரிதான். நாம் கை தட்டுவதற்கு வயிற்றில் தெம்பு வைத்த கையை மறந்துவிட்டோம்.

'தானியம் விளைந்தால் சோறு தானே வந்துவிடும்' என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு பழைய கதை. 1876 முதல் 78 வரை சென்னை ராஜதானியைத் தாது வருஷப் பஞ்சம் பிடித்து உலுக்கியது. அப்போது ரயில் இருந்தது. துறைமுகத்திலிருந்து தானியம் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியும் ஆகிக்கொண்டிருந்தது. வெள்ளைக்கார சர்க்கார் அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள் துரை, நிவாரண வேலை செய்கிறவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று திட்டம் செய்தார். ராஜதானியின் சுகாதார அதிகாரி கார்னிஷ் அதை எதிர்த்துப் போராட வேண்டியிருந்தது. அதற்குள் ஜனங்கள் லட்சக்கணக்கில் செத்தார்கள். 1943-இல் வங்காளத்தில் முப்பது லட்சம் பேர்வரை மாண்டதற்கும் முதல் காரணம் விளைச்சல் குறைவல்ல, வாங்கிச் சாப்பிடும் சக்தி ஜனங்களிடமிருந்து பறிபோனதுதான் என்று 1981-இல் அமர்த்தியா சென் ஒரு புத்தகமே எழுதினார். விளைவதற்கும் இலையில் விழுவதற்கும் நடுவே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. அதற்குப் பாலமாகப் படுத்துக் கிடக்கிறவர்கள்தான் இந்தப் 'பருவத்துக்குங்க' ஆசாமிகள்.

இந்தப் பாலம் நம் நாட்டுக்குப் புதிதுமல்ல. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14-ஆம் தேதி, பொங்கலை ஒட்டிப் பிறந்தபோது, அதன் முதல் ஜில்லா ஆபீஸைத் தஞ்சாவூரில்தான் திறந்தார்கள். நம்முடைய நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972-இல் வந்தது. அறுபது வருஷ அனுபவம் கையில் இருக்கிறது. இருந்தும் இந்தத் தொழிலுக்கு ஒரு மரியாதை ஏற்படவில்லை.

சர்க்காரே தொழில்களுக்கு ஒரு ஜாதகம் கணித்து வைத்திருக்கிறது. 'தேசியத் தொழில் வகைப்பாடு' என்று பெயர். புதிய பதிப்பு 2015. சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் முறையைத் தழுவியது. ஒன்பது பிரிவுகள். முதல் பிரிவில் சட்டசபை அங்கத்தினர்களும் நிர்வாகிகளும் அமர்ந்திருக்கிறார்கள். ஆறாவதில் விவசாயிகள், அந்த ஆறாவதிலும் கடைசி வரிசையில், 63 என்ற எண்ணில், தன் வீட்டு வயிற்றுக்கு மட்டும் பயிரிடுகிறவரும் மீன் பிடிக்கிறவரும் காட்டில் கிழங்கு அகழ்கிறவரும். கூலிக்கு நடவு நடுகிறவளும் மூட்டை தூக்குகிறவனும் ஒன்பதாவது. அந்தப் பிரிவின் பெயர் 'எலிமெண்டரி ஆக்குபேஷன்ஸ்' — அரிச்சுவடித் தொழில்கள் என்று சொல்லலாமா? நடவு அரிச்சுவடியாம்! இதை எழுதிய கனவானை ஒரு நாள், ஒரே நாள், நைனார்பாளையத்துச் சேற்றில் குனிந்து நட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். மறுநாள் அவரே அந்தப் பிரிவை முதலாவதாக எழுதிவிடுவார், நிமிர முடிந்தால்!

இது சின்னக் கூட்டமுமல்ல. 2001 ஜனத்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் சொந்த சாகுபடிக்காரர்கள் சுமார் 51 லட்சம். 2011-இல் அது 42 லட்சமாகக் குறைந்தது. அதே பத்து வருஷத்தில் விவசாயக் கூலிகள் 86 லட்சத்திலிருந்து 96 லட்சமாகக் கூடினார்கள். ஆறாவது பிரிவிலிருந்து ஒன்பதாவதுக்கு இறங்குகிற படிக்கட்டில் கூட்டம் நெரிகிறது.

அந்த நைனார்பாளையத்து வீட்டில் ஒரு கிழவி இருந்தாள், பெண்ணின் ஆயா. நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் நடையில் உட்கார்ந்து முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். கல் ஒரு பக்கம், உமி ஒரு பக்கம், மணி நடுவில். எங்களைத் தலைதூக்கிப் பார்க்கக்கூட இல்லை. எந்த விதையைச் சாம்பலில் கலந்து வைப்பது, எதை வேப்பிலையோடு குதிரில் போடுவது, எந்த மாதத்தில் வெளியே எடுத்து வெயில் காட்டுவது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அந்த வீட்டின் உணவு மந்திரி அவள்தான். ஜனத்தொகைக் கணக்கெடுக்க வருகிறவர் அவளுக்கு எதிரே 'வீட்டுக் காரியம்' என்று எழுதி, வேலை செய்யாதோர் வரிசையில் சேர்ப்பார். 2019-இல் மத்திய சர்க்கார் எடுத்த நேரக் கணக்கில், கூலியில்லாத வீட்டு வேலை பார்க்கும் பெண் நாளொன்றுக்கு அதில் 299 நிமிஷம் செலவிடுவதாகவும், அதே வேலையில் கைவைக்கும் ஆண் 97 நிமிஷம் செலவிடுவதாகவும் கண்டார்கள். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் 'வேலை செய்யாமல்' இருக்கிறாள்!

கல்வராயன் மலையில் சாமையும் தினையும் விளைத்துத் தின்று வாழ்ந்த மலையாளிப் பழங்குடி மக்களை 'நாகரிகமில்லாதவர்கள்' என்று சமவெளி எத்தனை தலைமுறை பேசியது? 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்ததும், அதே சாமை பட்டணத்து ஓட்டலில் பீங்கான் தட்டில் ஏறிவிட்டது. தானியத்துக்கு அந்தஸ்து வந்தாயிற்று. விளைத்தவன் இன்னும் 63-தான்.

"இவ்வளவு பேசுகிறீரே, உம்முடைய மகன் என்ன செய்கிறான்?" என்று கேட்பீர்கள். கேளுங்கள். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். நான்தான் அனுப்பினேன். பிளஸ் டூ முடித்ததும் அவன், "அப்பா, கோயமுத்தூரில் விவசாயம் படிக்கட்டுமா?" என்று கேட்டான். "படித்துவிட்டு மாடு மேய்க்கப் போகிறாயா?" என்றேன். அந்த வாக்கியத்தை எழுதும்போது கை கூசுகிறது. ஆகையால் இந்த வசவில் ஒரு பங்கு எனக்கும் உண்டு.

கேட்பது பெரிய ராஜ்யமல்ல. நெல்லைப் பார்த்து எடைபோட்டுக் காப்பவனைப் பன்னிரண்டு மாதமும் வைத்துக்கொள்ளுங்கள். அறுவடை இல்லாத மாதங்களில் கிடங்கில் வேலையா இல்லை? விதைச் சேமிப்பும் தானியப் பாதுகாப்பும் உணவுக் கணக்கும் ஒரு தொழில் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுங்கள். அந்த ஆயாவைப் போன்றவர்களை வாத்தியாராக வையுங்கள், சம்பளத்தோடு. தஞ்சாவூரில் நெல்லைப் பதப்படுத்தும் ஆராய்ச்சிக்கென்று தொடங்கிய கூடம் 2021-இல் தேசிய முக்கியத்துவம் பெற்ற ஸ்தாபனமாக உயர்ந்துவிட்டது. நெல்லை ஆராய்கிறவருக்குக் கிடைத்த கௌரவத்தில் கால்வாசி, நெல்லுக்குத் தார்ப்பாய் போடுகிறவனுக்குக் கிடைத்தால் போதும்.

அந்தப் பையனைப் போன வாரம் கொள்முதல் நிலையத்தில் போய்ப் பார்த்தேன். கல்யாணப் பேச்சைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. "பெரியப்பா, சென்னையில் ஒரு கம்பெனியில் கூப்பிடுகிறார்கள். போன் பேசுகிற வேலைதான். போகட்டுமா?" என்று மட்டும் கேட்டான். போகாதே என்று சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நைனார்பாளையத்துப் பெரியவருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், கல்யாணத்தைப் பற்றியல்ல. இந்த வருஷம் அவருடைய நெல்லை எடைபோட அங்கே யார் இருப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.