கருணை மனு நிராகரிப்பும் காலதாமதமும்: புனே வழக்கு உணர்த்துவது என்ன?

புனே: கருணை மனுவைக் குடியரசுத் தலைவர் நிராகரித்துவிட்டால் தூக்குத் தண்டனை உறுதி என்பதே பொதுவான எண்ணம். ஆனால், புனேயில் இளம்பெண் ஊழியர் ஒருவர் பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்ட வழக்கில், குற்றவாளிகள் இருவரின் தூக்குத் தண்டனை குறைக்கப்பட்டது சரியே என உச்சநீதிமன்றம் 2024 டிசம்பர் 9-ஆம் தேதி தீர்ப்பளித்தது. அதற்குக் காரணம் தாமதம்.

2007 நவம்பர் 1-ஆம் தேதி இரவுப் பணிக்காக நிறுவன வாடகைக் காரில் ஏறியவர் அந்தப் பெண். காரின் ஓட்டுநருக்கும் அவரது நண்பருக்கும் புனே அமர்வு நீதிமன்றம் 2012-இல் தூக்குத் தண்டனை விதித்தது. மும்பை உயர்நீதிமன்றமும், 2015 மே மாதம் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தன. கருணை மனுக்களை ஆளுநர் 2016 மார்ச்சிலும், குடியரசுத் தலைவர் 2017 மே 26-ஆம் தேதியும் நிராகரித்தனர்.

அதன் பிறகே சிக்கல் எழுந்தது. எரவாடா சிறையில் இருந்த இருவரையும் தூக்கிலிடுவதற்கான வாரண்ட் 2019 ஏப்ரல் 10-ஆம் தேதிதான் பிறப்பிக்கப்பட்டது. இடையில் 22 மாதங்களுக்கும் மேல் கழிந்திருந்தன. ஜூன் 24-ஆம் தேதி தண்டனை நிறைவேற இருந்த நிலையில், உயர்நீதிமன்றம் தடை விதித்தது. ஜூலையில் அதை 35 ஆண்டு சிறைத் தண்டனையாகக் குறைத்தது. மகாராஷ்டிர அரசின் மேல்முறையீடு உச்சநீதிமன்றத்தில் எடுபடவில்லை.

அரசமைப்புச் சட்டத்தின் 72-ஆவது பிரிவு குடியரசுத் தலைவருக்கு மன்னிப்பு வழங்கும் அதிகாரத்தை அளிக்கிறது. முடிவு சரியா, தவறா என நீதிமன்றம் ஆராயாது. அது எடுக்கப்பட்ட முறையை ஆராயலாம் என 1988-இல் கேஹர் சிங் வழக்கில் தெளிவுபடுத்தப்பட்டது. எந்தெந்தக் காரணங்களுக்காகத் தலையிடலாம் என்பது 2006-ஆம் ஆண்டு தீர்ப்பு ஒன்றில் வரையறுக்கப்பட்டது. அவ்வழக்கில் அமிக்கஸ் கியூரி எனப்படும் நீதிமன்ற நண்பராக உதவியவர் மூத்த வழக்கறிஞர் சோலி சொராப்ஜி.

நீதிமன்ற நண்பரின் பணி நாட்டுக்கு நாடு மாறுபடுகிறது. அமெரிக்காவில் வழக்கின் தரப்பாக இல்லாதவர்களும் தாமாக முன்வந்து மனு தாக்கல் செய்து அதிபரின் உத்தரவை வெளிப்படையாக ஆதரிக்கலாம். அதிபர் டிரம்ப்பின் பயணத் தடை உத்தரவுக்கு ஆதரவாக டெக்சாஸ் உள்ளிட்ட மாநிலங்கள் அவ்வாறு செய்தன. 2018-இல் அந்த உத்தரவு நிலைத்தது. இந்தியாவில் பெரும்பாலும் நீதிமன்றமே அவரை நியமிக்கிறது. அரசின் முடிவைக் காக்கும் பொறுப்பு அரசு வழக்கறிஞர்களையே சாரும்.

எனினும், கோப்பில் காரணம் கூறப்படாத தாமதத்தை எந்த வாதத்தாலும் ஈடுசெய்ய முடியாது. 2014 ஜனவரியில் இதே அடிப்படையில் 15 பேரின் தூக்குத் தண்டனை குறைக்கப்பட்டது. அடுத்த மாதமே, ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளன், முருகன், சாந்தன் ஆகியோர் உயிர் தப்பினர். அவர்களது கருணை மனுக்கள் 11 ஆண்டுகள் நிலுவையில் இருந்தன.

கருணை மனுக்களைக் கையாள மாநிலங்கள் தனிப் பிரிவு அமைக்க வேண்டும் என புனே வழக்கில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. தூக்குத் தண்டனை உறுதியானதும் அமர்வு நீதிமன்றங்கள் தாமதமின்றிச் செயல்பட வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. நாள்தோறும் மரணத்தை எதிர்நோக்கும் கைதிக்கும், நீதிக்காக 17 ஆண்டுகள் காத்திருந்த குடும்பத்துக்கும் தாமதம் ஒருசேரத் தீங்கிழைக்கிறது. இந்த உத்தரவுகள் நடைமுறைக்கு வந்தால் மட்டுமே மற்றொரு புனே வழக்கைத் தவிர்க்க முடியும்.